கடலில் தூண்டில் போட்ட பிறகு ரீலை எப்படிச் சுத்தம் செய்வது?

ஒவ்வொரு முறையும் கழுவித்தான் வைத்தேன், ஆனாலும் ஒரு வருடத்துக்குள் ரீல் (தூண்டில் நரம்பை, அதாவது இழையை, சுற்றிவைக்கும் கருவி) இறுகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்?

எனக்கு வீடு வட சென்னையில் திருவொற்றியூர். எண்ணூர் சாலை ஓரம் கடலரிப்புக்காகக் கொட்டியிருக்கும் பாறைகள் மேல் நின்றுதான் தூண்டில் போடுவேன். முதல் ரீலை வீட்டு போர் தண்ணீரில் அக்கறையாகக் கழுவி வைப்பேன். எட்டே மாதத்தில், நரம்பு ஏறிவரும் அந்தச் சின்ன உருளை, லைன் ரோலர், சுற்றாமல் நின்றுவிட்டது. நின்ற உருளையில் உரசி உரசி நரம்பு தேய்ந்து, நல்ல கொடுவா மீன் ஒன்று அறுத்துக்கொண்டு போனது. பக்கத்திலிருந்த பெரியவர் ரீலை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க வீட்டுத் தண்ணிய வாயில ஊத்திப் பாத்திருக்கியா?" என்றார். வீட்டுக்கு வந்து ஊற்றிப் பார்த்தேன். கரித்தது. நம் பக்கத்தில் நிலத்தடி நீரில் கடல் ஏறிவிட்ட தெருக்கள் நிறைய.

கழுவ, கரிக்காத மெட்ரோ குழாய்த் தண்ணீர் ஒரு சொம்பு போதும். முதலில் டிராக் திருகை, மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியே போகும் என்பதை மாற்றும் திருகை, நன்றாக இறுக்குங்கள், இல்லாவிட்டால் உள்ளே வாஷர்களுக்குத் தண்ணீர் போய்விடும். அப்புறம் மெதுவாக ஊற்றுங்கள். வாளியில் முக்கவோ, பைப்பை வைத்து வேகமாக அடிக்கவோ கூடாது. வெளியே இருக்கும் உப்பை நாமே கியருக்குள் தள்ளிவிடுவோம். உதறித் துடைத்து, டிராக்கைத் தளர்த்தி, நிழலில் காயவிடுங்கள். அன்றைக்கே செய்துவிட வேண்டும்.

லைன் ரோலருக்கும் கைப்பிடிக் குமிழுக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். கியருக்கு கிரீஸ். ஆனால் கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கும் ஒருவழி பேரிங்கில் கிரீஸ் படவே கூடாது. உள்ளே இருக்கும் ஊசி உருளைகள் வழுக்கி, மீன் இழுக்கிற நேரத்தில் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்றுவிடும்.

சரி, இறுகிப்போன உங்கள் ரீல். பலம் கொடுத்துச் சுற்றாதீர்கள். பெரும்பாலும் முதலில் போவது ரோலர்தான். அதன் திருகைக் கழற்றி, பேரிங்கை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவையுங்கள். சுற்றினால் துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டுங்கள். அப்போதும் கரகரவென்று இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றுங்கள், ரீலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.