விக்கிப்பீடியாவில் சம்பந்தமில்லாத துணுக்குகளை யார், ஏன் சேர்க்கிறார்கள்?

பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான். மும்பை மாட்டுங்காவில் இருபது வருடமாக இருக்கிறேன். எங்கள் பகுதியைப் பற்றி எழுதும்போது, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் போனால் வரிசையில் நிற்காமல் இட்லி கிடைக்கும் என்பதையும் சேர்த்துவிட்டேன். இரண்டே நாளில் யாரோ தூக்கிவிட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் செய்தது சரிதான்.

சம்பளம் கிடையாது, பதிப்பாசிரியர் கிடையாது. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஒரு வரியைச் சேர்க்கிறார். சேர்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அடுத்தவர் எழுதியதை நீக்கத்தான் கை கூசுகிறது. அதனால்தான் ஊரின் வரலாறு நாலு வரியிலும், அங்கே எடுத்த திரைப்படங்களின் பட்டியல் நாற்பது வரியிலும் நிற்கிறது.

இதெல்லாம் தொல்லைதான், ஆபத்து இல்லை. பொய்த் துணுக்குதான் ஆபத்து. 2008-இல் அமெரிக்க மாணவர் ஒருவர், கோஆட்டி என்ற விலங்குக்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என விளையாட்டாக எழுதினார். நாளிதழ்கள் அதை அப்படியே எடுத்தாண்டன. பிறகு அந்த நாளிதழே சான்றாக விக்கிப்பீடியா கட்டுரையின் கீழே வந்து உட்கார்ந்தது! 2014-இல்தான் குட்டு உடைந்தது.

சரி, நீங்கள் நீக்கலாமா? தாராளமாக. முதலில் 'வரலாற்றைக் காட்டவும்' என்பதை அழுத்தி, அந்த வரி எப்போது வந்தது என்று பாருங்கள். சான்று இல்லையென்றால் நீக்கிவிட்டு, காரணத்தைத் தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது வரும் குறிப்புப் பெட்டியில்) எழுதுங்கள். எதிர்ப்பு வந்தால் உரையாடல் பக்கம் இருக்கிறது.