ஆட்டிசத்துக்கான ஏக்யூ டெஸ்ட்ல முதல்ல 34, இப்போ 27, எது சரி?

ஒரே வாரத்துல 7 குறைஞ்சிருச்சு, அப்போ ஆட்டிசம் இருக்கிற மாதிரி நான் சும்மா நடிக்கிறேனான்னு கேட்டிருக்கீங்க. அப்படியெல்லாம் இல்லைங்க. அந்த டெஸ்ட், ஆட்டிசம் குணங்கள் எவ்வளவு இருக்குன்னு நாமளே டிக் பண்ணிப் பாக்குறது, 2001ல கேம்பிரிட்ஜ்ல உருவாக்கினது, 50 கேள்வி, 32ங்கிறது சும்மா ஒரு கோடு மாதிரிதான், அதத் தாண்டினா ஆட்டிசம் தாண்டலன்னா இல்லைன்னு கிடையாது, பதட்டமோ ஏடிஹெச்டியோ (கவனம் ஒரு இடத்துல நிக்காத பிரச்சினை) இருந்தாலும் ஸ்கோர் ஏறும், வருஷக்கணக்கா மத்தவங்களப் பாத்துப் பாத்து பழகக் கத்துக்கிட்டவங்களுக்கு கம்மியாவும் காட்டலாம். (பார்ட்டிய விட லைப்ரரி பிடிக்குமான்னு ஒரு கேள்வி வருமே, யாரோட பார்ட்டின்னு சொல்லாம எப்படிங்க டிக் பண்றது, நான் அதுலயே பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன்.)

நம்பர விடுங்க. எந்தெந்த கேள்விக்கு பதில் மாறுச்சுன்னு பாருங்க, சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னு அம்மா அப்பாகிட்ட கேட்டு எழுதி வைங்க, டாக்டர்கிட்ட போனா ஸ்கோர விட அதத்தான் நோண்டி நோண்டி கேப்பாங்க.