புலியும் பெரியாற்றுத் தண்ணீரும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மத்திய அரசு புலிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஐம்பது ஆண்டுகளாகச் செலவு செய்கிறது. தேக்கடிக் காட்டில் புலி இருப்பதால், கம்பம் பள்ளத்தாக்கில் நெல் நடும் எங்களுக்கு என்ன பயன்?
– விவசாயி ஒருவர், கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: உங்கள் வாய்க்காலில் வரும் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே லோயர் கேம்ப்பில் இறங்கும் அந்த நீர், தேக்கடியை உள்ளடக்கிய பெரியாறு புலிகள் காப்பகத்தின் காடுகளில் பெய்த மழையாகும். 1973 ஏப்ரல் 1 அன்று ஒன்பது காப்பகங்களோடு தொடங்கிய திட்டத்தில், சுமார் 925 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரியாறு 1978-இல் சேர்க்கப்பட்டது. புலி வாழ மிளாவும் காட்டெருமையும் வேண்டும். அவை மேயப் புல்வெளியும் ஒதுங்கச் சோலையும் வேண்டும். அந்தச் சோலையும் புல்லும் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடுவதால்தான், மழை ஓய்ந்த பிறகும் ஓடைகளில் நீர் நிற்கிறது. ஆகவே, திட்டம் புலியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அதன் காவல் நிலத்துக்கும் நீருக்கும் சேர்த்தே. பெரியாறு காப்பகத்தை ஒட்டி, வைகையின் நீர்ப்பிடிப்பு மலைகளையும் உள்ளடக்கிய திருவில்லிபுத்தூர்–மேகமலைக் காப்பகம் 2021-இல்தான் அறிவிக்கப்பட்டது. அது இன்னும் முன்பே நடந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி: நாட்டில் 3,682 புலிகள் என்கிறார்கள். இந்தக் கணக்கை நம்பலாமா?
– கல்லூரி மாணவி, குமுளி

பதில்: நம்பலாம், ஆனால் அது 2022 கணக்கெடுப்பின் மதிப்பீடே, தலை எண்ணிய தொகை அன்று. முன்பு காலடித் தடங்களை வைத்து எண்ணினார்கள். அம்முறையில் 2002 வாக்கில் 3,642 என்று சொல்லப்பட்டது. பிறகு ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்ற உண்மை வெளிவந்து நாட்டையே உலுக்கியது. அதையடுத்துச் சட்டம் திருத்தப்பட்டு, தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. தானியங்கி கேமராவில் பதியும் உடல்வரிகளைக் கொண்டு கணித்தபோது 2006-இல் கிடைத்த எண் 1,411. எனவே 3,642-ஐயும் 3,682-ஐயும் அருகருகே வைத்து ஒப்பிடுவது தவறு.

கேள்வி: தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) அருகே புலி வந்துவிடுகிறது. காப்பகத்துக்கு வெளியே வாழும் எங்களைப் பற்றி இத்திட்டம் நினைக்கிறதா?
– தோட்டத் தொழிலாளி, வண்டிப்பெரியாறு

பதில்: உங்கள் அச்சம் முழுக்க நியாயமானது, அம்மா. 2025 மார்ச்சில் உங்கள் ஊருக்கு அருகே அலைந்த காயம்பட்ட புலி, மயக்க ஊசி போடச் சென்ற வனத்துறையினர்மீது பாய்ந்து, சுடப்பட்டு இறந்ததை மறக்க முடியாது. ஊருக்குள் புலி நுழைந்தால் பின்பற்ற வேண்டிய வழிமுறையைத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வகுத்திருக்கிறது. அதன்படி அமைக்கப்படும் குழுவில் கால்நடை மருத்துவரோடு உள்ளூர்ப் பஞ்சாயத்தின் பிரதிநிதியும் இருக்க வேண்டும். அந்த இடம் காலியாக விடப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பகத்துக்கான பாதுகாப்புத் திட்டத்தை எழுதும்போது, அங்கும் சுற்றிலும் வாழ்வோரின் உழவையும் பிழைப்பையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதும் சட்டமே.

இது காகிதத்தில் மட்டும் இருப்பதன்று. பெரியாறு காப்பகத்தில் 1990-களின் பிற்பகுதியில், காட்டு இலவங்கமான வயணை மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று வந்தவர்களையே அழைத்துப் பேசி, சூழல் மேம்பாட்டுக் குழுவாக்கினார்கள். காட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையையும் அறிந்த அவர்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியும் காட்டைக் காவல் காத்தும் வருவாய் ஈட்டத் தொடங்கினார்கள். குமுளிப் பகுதிப் பெண்களின் ‘வசந்த சேனை’யோ கூலி எதுவும் வாங்காமல் முறைவைத்துக் காட்டுக்குள் ரோந்து செல்கிறது. உங்கள் லயங்களிலும் அப்படியொரு குழு வேண்டுமென்று பஞ்சாயத்தின் வழியாக வனத்துறைக்கு எழுதிக் கொடுங்கள். புலியின் தடத்தை முதலில் பார்ப்பது விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகும் நீங்கள்தானே.