டம்ளரில் பேர் உண்டு, டெபாசிட்டில் இல்லை

கேள்வி: வீட்டில் நான்கு பாஸ்புக், மூன்று சிம், ஏழெட்டு பாஸ்வேர்டு. போனை எடுத்தால் ஓயாத மெசேஜ். மாதக் கடைசியில் பணம் எங்கே போனதென்றே புரியவில்லை. எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கொடைக்கானல் பக்கம் போய் எளிமையாக வாழ்வது என் கனவு. என்ன சொல்கிறீர்கள்? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. செல்போன் எண் கொடுத்து, ஓ.டி.பி. வாங்கி, வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் என்றெல்லாம் நிரப்பினால்தான் மலையேற விடுவார்கள். துறவறம் எத்தனை நாள் என்று எழுதுவீர்கள்? அரசு பஸ்ஸில் போகிறவர்களிடம் இ-பாஸ் கேட்பதில்லை. துறவிக்கு அதுதான் தோது.

நம் கண் அந்த நான்கு பாஸ்புக்கை விட்டு நகர மறுக்கிறது. யாரும் ஆசைப்பட்டு நான்கு வைத்துக்கொள்வதில்லை. முதல் வேலையில் கம்பெனி திறந்து கொடுத்த சம்பளக் கணக்கு ஒன்று, வேலை மாறியதும் இன்னொன்று, “லோன் வேணும்னா எங்ககிட்ட எஸ்.பி. அக்கவுன்ட் இருக்கணும் சார்” என்று வீட்டுக் கடனோடு வந்தது ஒன்று, சொந்த ஊரில் நகைக்கடனுக்காக ஒன்று. கணக்குப் பார்த்தால் சரியாக நான்கு.

வங்கி என்றதும் பேனா ஞாபகம் வந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தின் நெடுநாள் வாசகர்கள் மன்னிக்கவும். முப்பது லட்சத்தைக் கடனாகத் தூக்கிக் கொடுக்கும் இடத்தில் மூன்று ரூபாய்ப் பேனாவுக்கு மட்டும் சணல் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சணல் சலானில் தேதிக் கட்டம் வரை வரும், கையெழுத்துக் கட்டத்துக்கு எட்டாது. ஆகவே வாடிக்கையாளர் சலானைத் திருப்பி, உடம்பையும் திருப்பி, பக்கத்தில் நிற்பவரின் அக்குளுக்குள் புகுந்து கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து வங்கியில் ஏற்கெனவே கொடுத்து வைத்த மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள். மை உள்ள பேனாவுக்குச் சணல் இருக்காது. சணல் உள்ள பேனாவில் மை இருக்காது. வங்கிகள் தேசியமயமான 1969இலேயே சணலையும் தேசியமயமாக்கி நீளத்தை நிர்ணயித்திருந்தால் நாடு தப்பித்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் கணக்கை மூடத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். அங்கேதான் வினை. முதல் வேலை, நான்கு கணக்குக்கும் ஓராண்டு ஸ்டேட்மென்ட் எடுப்பது. பாஸ்புக்கை நம்பாதீர்கள், நெடுநாள் பதியாமல் விட்டால் சில வங்கிகளில் பழைய வரவு செலவை ஒரே வரியாகச் சுருக்கி அடித்துவிடுவார்கள். மூன்று மாத ஸ்டேட்மென்ட்டும் போதாது. லாக்கர் வாடகை, கார்டின் ஆண்டுக் கட்டணம், இன்ஷூரன்ஸ் பிரீமியம் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டுபவை. மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் போயிருக்கிறதா பாருங்கள். 436 பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 சுரக்ஷா விபத்துக் காப்பீடு; தலைக்கு 2 லட்சம். கணக்கை மூடினால் காப்பீடும் அதோடு போய்விடும். நான்கு கணக்கிலும் பிடிக்கிறார்களே, எட்டு லட்சம் வருமே என்று கணக்குப் போடாதீர்கள். ஒருவருக்கு ஒரு திட்டத்தில் 2 லட்சம்தான். மற்ற பிரீமியமெல்லாம் தண்டம்.

அடுத்தது ஆதார். கே.ஒய்.சிக்கு, அதாவது நீங்கள் யார் என்று வங்கி சரிபார்ப்பதற்கு, ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, மானியத்துக்காக ஆதாரை இணைத்திருப்பது வேறு. காஸ் மானியம் போல ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதில்தான் விழும். ஒரு சமயத்தில் ஒரு கணக்குக்குத்தான் அந்த யோகம். அது எது என்று ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். மூடப்போகும் கணக்காக இருந்தால், வைத்துக்கொள்ளப்போகும் வங்கியில் சம்மதப் படிவம் கொடுத்து மாற்றிவிடுங்கள். பி.எஃப்., வருமான வரி ரீஃபண்டு, எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டுக்கு மாதாமாதம் போகும் தொகை), கடன் தவணை ஆகியவற்றையும் இப்படியே இடம் மாற்றி, ஒரு மாதம் முழுக்கக் காத்திருந்து, எந்தத் தவணையும் திரும்பி வரவில்லை என்று பார்த்தபிறகு மூடுங்கள். மிச்சமுள்ள காசோலைகளையும் கார்டையும் ஒப்படைத்து, கணக்கு முடிந்ததற்குக் கடிதம் வாங்குங்கள். தொடங்கி ஒரு வருடம் ஆகாத கணக்கென்றால் சில வங்கிகள் கட்டணம் கேட்கும்.

“எதுக்கு மூடணும், கிடந்துட்டுப் போகட்டுமே” என்பவர்களுக்காக ஒரு தகவல். இரண்டு வருடத்துக்குமேல் நீங்களாக ஒரு வரவு செலவும் செய்யாத கணக்கு செயலற்றதாகிவிடும். அதில் மினிமம் பேலன்ஸ் இல்லையென்று அபராதம் போடக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. திரும்ப எழுப்பவும் கட்டணம் கிடையாது. ஆக முழுத் தூக்கத்துக்கு அபராதம் இல்லை, அரைத் தூக்கத்துக்குத்தான். சம்பளம் வருவது நின்றதும் சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காகி, சில வங்கிகளில் மினிமம் பேலன்ஸ் கேட்கத் தொடங்குவது இந்த அரைத் தூக்கத்தில்தான். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்து இறங்கிய கையோடு, பழைய அபராத பாக்கி என்று சில வங்கிகள் அதிலேயே கைவைத்தது செய்தியானதே, மறந்திருக்கமாட்டீர்கள்.

இரண்டு கணக்கு போதும். சம்பளமும் சேமிப்பும் இருப்பதில் யு.பி.ஐ. வேண்டாம். இன்னொன்றில் மாதச் செலவுக்கான தொகையை மட்டும் மாற்றிவிட்டு, போனில் அதை மட்டும் இணையுங்கள். டீக்கடையில் ஸ்கேன் செய்யும் கணக்கில் பிள்ளையின் காலேஜ் பீஸைப் போட்டுவைப்பது வம்பு. சேமிப்பு 5 லட்சத்தைத் தாண்டினால் மட்டும் இரண்டாவது கணக்கு வேறு வங்கியில் இருக்கட்டும். டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான். அதே வங்கியின் வேறு கிளையில் போட்டால் தனிக் காப்பீடு கிடையாது.

பணம் எங்கே போகிறதென்று கேட்டீர்கள். யு.பி.ஐ. ஆப்பில் ‘ஆட்டோபே’ என்றொரு இடம் இருக்கும், திறந்து பாருங்கள். முதல் மாதம் ஒரு ரூபாய் என்று ஒப்புக்கொண்டவை அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். 15,000 ரூபாய் வரைக்கும் பின் நம்பர் கேட்காமலே எடுக்கலாம். எடுக்க 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும், வரவும் செய்யும், குட்மார்னிங் ரோஜாப்பூக்களுக்கு நடுவில் அதை யார் பார்க்கிறார்கள்? சினிமா ஆப்பைப் போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நிற்காது. ஆட்டோபேயில் ‘ரிவோக்’ (Revoke, அதாவது ரத்து) கொடுத்தால்தான் நிற்கும். ‘பாஸ்’ (Pause) கொடுத்தால் நிற்பது தற்காலிகம்.

மெசேஜ் தொல்லைக்கு மூன்று சிம்மிலிருந்தும் START 0 என்று 1909க்கு அனுப்புங்கள். அனுப்புநர் பெயரின் கடைசியில் P என்றிருந்தால் விளம்பரம், T என்றால் பரிவர்த்தனை, S சேவை, G அரசு. P வகையைப் படிக்காமலே அழிக்கலாம். ரோஜாப்பூவை நிறுத்த எந்த ஆணையத்துக்கும் அதிகாரமில்லை. வாட்ஸ்அப்பில் தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்தினால் போனில் இடமாவது மிஞ்சும்.

கடைசியாக, நம் ஊர் விசித்திரம் ஒன்று. எவர்சில்வர் டம்ளர் வாங்கினால் கடையிலேயே நின்று பேர் வெட்டி வாங்குகிறோம். இன்ஷியல், தேதி, யார் வீட்டுச் சீர் என்பது வரை இருக்கும். அந்த டம்ளர் அமெரிக்கா போனாலும் திரும்பி வந்துவிடும். அதே வீட்டில் எட்டு லட்ச ரூபாய் டெபாசிட்டுக்கு நாமினி இருக்காது. பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடந்தால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்தாரர் நிதிக்குப் போகும். அப்போதும் உரிமை போகாது. ‘உத்கம்’ என்ற இணையதளத்தில் பெயர், பான் கொடுத்துத் தேடலாம். பணம் கேட்க அந்தந்த வங்கிக்குத்தான் போக வேண்டும். இறந்துபோனவரின் பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் நிற்பதை நினைத்தால், இப்போதே நாமினி போடுவது பத்து நிமிட வேலை.

2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை போடலாம். ஒரே நேரத்தில் நால்வருக்கும் என்றால் சதவீதம் எழுதி, கூட்டினால் நூறு வர வேண்டும். இல்லையென்றால் ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசை போடலாம். நாமினி பணத்தை வாங்கித் தருகிறவர்தான். வாரிசுகளின் பங்கு அதனால் அழிவதில்லை. லாக்கருக்கு மட்டும் சதவீதம் கிடையாது, வரிசைதான். உள்ளே இருப்பது ஒரே ஒரு ஒட்டியாணமென்றால் நாடாளுமன்றம் என்ன செய்யும், பாவம்.