சொன்னதைப் படமாக வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை அறிவியல் வகுப்பில் கொண்டுவந்தால் மாணவர்களின் கற்பனை வளருமா, மழுங்குமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப்பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கருவியை வகுப்புக்குள் எப்போது விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலிலேயே விட்டால் மழுங்கும். சூடு பட்டவன் சொல்கிறேன்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் உயிரினங்களை ஓவியத்தோடு சேர்த்துப் பாடமாக நடத்தினேன். முதல் நாளே என் கைபேசியில் பளபளவென்று ஒரு பவளப்பாறைப் படத்தை வரவழைத்துக் காட்டினேன். அரைமணி நேரத்தில் வகுப்பே அதே ஆரஞ்சு மீனை வரைந்துவிட்டது, அப்பாவோடு வள்ளத்தில் போய்வருகிற பையன் உட்பட.

மறுவாரம் முறையை மாற்றினேன். ஆவுளியாவை, அதாவது கடல் பசுவை, முதலில் கையால் வரையச் சொன்னேன். தெரியாதவர்கள் வீட்டில் தாத்தாவிடம் கேட்டு வந்தார்கள். அதன்பிறகே கைபேசியை எடுத்தேன். (பல தளங்கள் 13 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிப்பதில்லை, கருவி என் கையில்தான் இருக்கும்.) ‘கடல் பசு’ என்று தமிழில் கொடுத்தோம். அலையில் கால் நனைத்துக்கொண்டு கொம்போடு ஒரு மாடு நின்றது! சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

ஆங்கிலப் பெயரைக் கொடுத்ததும் உடம்பு சரியாக வந்தது. வால் மட்டும் துடுப்புப்போல வட்டமாக இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். “சார், வால் தப்பு. ஓங்கில் (டால்பின்) வால்போல நடுவில் பிளந்திருக்கும்.” கரைவலையில் சிக்கிய ஒன்றை அவள் அப்பா விடுவித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். வட்ட வால் மானட்டிக்கு உரியது. ஆவுளியாவின் உறவுதான் என்றாலும் அது அட்லாண்டிக் பக்கத்து விலங்கு. நம் கடலில் கிடையாது. இந்தக் கருவிகள் விலங்கைத் தெரிந்துகொண்டு வரைவதில்லை. பழக்கப்பட்ட படங்களின் சாயலைக் கலந்து கொடுக்கின்றன.

அடுத்து, பெயரே சொல்லாமல் அங்க அடையாளங்களை மட்டும் எழுதச் சொன்னேன். முதுகில் துடுப்பு இல்லை, வால் இரண்டாகப் பிரியும், முகவாய் கீழ்நோக்கி வளையும். ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. முகவாய் ஏன் கீழே வளைய வேண்டும் என்று ஒருவன் கேட்க, கடலடியில் புல்லை வேரோடு பிடுங்கித் தின்பதற்கு என்று இன்னொருவன் சொன்னான். இந்த ஒரு வரியைப் புத்தகத்திலிருந்து படித்துக் காட்டியிருந்தால் யார் கவனித்திருப்பார்கள்?

அந்தப் புல்லைப் பற்றிக் கேட்டதும் ஒருவன் தாளைத் திருப்பி மறுபடி வரையத் தொடங்கினான். ஆவுளியா மேய்ந்துபோன இடத்தில் புல்வெளியில் வளைந்து வளைந்து வெறும் மணல் தடம் விழும். அதை அவன் மேலிருந்து பார்ப்பதுபோல, ஏர் உழுத சால்களாக வரைந்திருந்தான். முதுகுளத்தூர்ப் பக்கம் அவன் மாமாவுக்கு வயல் உண்டு. கடலடியில் உழுத வயல் வேண்டும் என்று கருவியிடமும் கேட்டுப் பார்த்தோம். மீன்களுக்கு நடுவே டிராக்டர் ஓட்டியது.