நீலக்குறிஞ்சி: கேளுங்கள், சொல்கிறேன்

கே: டிசம்பர் லீவுக்கு மூணாறு போறோம் மேடம். குறிஞ்சி பூத்திருக்குமா?

மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் 2006, 2018இல் பூத்தது. அடுத்து 2030. இப்போது போனால் வரையாடு பார்க்கலாம்.

கே: 2022இல் இடுக்கியில் பூத்ததே, அது பொய்யா?

பொய்யில்லை, கள்ளிப்பாறையில் பூத்தது. எல்லா மலையும் ஒரே கணக்கில் ஓடுவதில்லை. குறிஞ்சிச் சாதியில் வேறு இனங்களும் நிறைய. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம்.

கே: பூத்ததும் செடி செத்துவிடுமா?

ஆமாம். முழங்கால் உயரப் புதராகப் பன்னிரண்டு வருடம் சும்மா நிற்கும். பிறகு சரிவு முழுக்க ஒன்றாகப் பூத்து, விதை முற்றியதும் காய்ந்துவிடும். இப்படி ஒன்றாகப் பூத்தால், விதை தின்னிகள் வயிறு முட்டத் தின்றாலும் மிச்சம் இருக்கும் என்பது ஒரு விளக்கம்.

கே: விதை கிடைக்குமா? மொட்டைமாடியில் வைக்க.

கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட தாவரப் பட்டியலில் இருக்கிறது. விதையைத் தொடாதீர்கள்.

கே: கொடைக்கானல் மேலே மொட்டையாகக் கிடக்கும் புல்வெளியில் எங்கள் குழு 500 மரக்கன்று நடப்போகிறது. குறிஞ்சிக்கு நல்லதுதானே?

ஐயோ, வேண்டாம். அது மொட்டை மலை இல்லை. மடிப்புகளில் சோலை, மேடுகளில் புல், அந்தப் புல்லோடு குறிஞ்சி. அதுதான் அந்த மலையின் இயல்பு. வெள்ளைக்காரர்கள் அதைத் தரிசு என்று நினைத்து ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸும் வாட்டிலும் கொண்டுவந்தார்கள். நீலகிரியில் சீகை என்பார்களே, அதுதான் வாட்டில். அதை வெட்டினாலும் விடாது. வெயில் பட்டதும் மண்ணில் வருடக்கணக்காகக் கிடந்த விதையெல்லாம் முளைத்து, கை நுழையாத அடர்த்தியில் நிற்கும். அந்த நிழலில் புல்லும் இல்லை, குறிஞ்சியும் இல்லை.

கே: (அவரே) மரம் இல்லாமல் தண்ணீர் எப்படி மேடம்? மரம்தானே மழை?

புல்வெளியும் மழைநீரை மண்ணில் இறக்கி ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். யூகலிப்டஸ் அதே தண்ணீரைக் குடித்துவிடும்.

கே: மரம் நடுவதையே தப்பு என்கிறீர்களா?

எங்கே நடுகிறோம் என்பதைத்தான் சொல்கிறேன். ஊருக்குள் நடுங்கள், நானும் குழி தோண்ட வருகிறேன்.

கே: அடுத்து எப்போ பூக்கும்?

மேலே பாருங்கள்.

கே: குறிஞ்சித் தேன் சர்க்கரை நோய்க்கு நல்லதா?

டாக்டரைக் கேளுங்கள்.

கே: நாலே நாலு விதை மட்டும்...

இல்லை.

கே: (500 கன்றுக்காரர்) சரி மேடம், மேலே நடவில்லை. வாங்கிய கன்றை என்ன செய்ய? எல்லாம் சில்வர் ஓக்.

அதுவும் ஆஸ்திரேலியாதான் தம்பி.