பள்ளிக்கூட வாசல் ஆலோசனைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு ஆறு வயது, முதல் வகுப்பு. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் பெற்றோர் நாங்கள் கொஞ்சம் பேர் நின்று பேசிக்கொண்டிருப்போம். செஸ், நடனம், கீபோர்டு, ரோபோடிக்ஸ் என்று ஒவ்வொருவர் பிள்ளையும் மூன்று நான்கு வகுப்புகளுக்குப் போகிறது. கேட்கக் கேட்கப் பதற்றமாக இருக்கிறது. நானும் இரண்டில் சேர்த்தேன், அதில் ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் போகும்போதெல்லாம் அழுகிறாள். இதை வாசலில் சொன்னால் பாதிப் பேர் உடனே நிறுத்து என்கிறார்கள், மீதிப் பேர் விட்டால் பிடிவாதம் வளரும் என்கிறார்கள். அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்தநாள். வகுப்பு முழுவதையும் அழைத்தே ஆக வேண்டுமாம். இவளோ மற்றவர்கள் பிறந்தநாளுக்குப் போனாலே என் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். கணவருக்கு வேலை அதிகம், எல்லாவற்றையும் நானேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த வாசல் பேச்சை விட்டுவிடாதீர்கள். எந்தப் பயிற்சியாளர் பொறுமையானவர், எந்த வகுப்பு அடிக்கடி ரத்தாகிறது, எங்கே கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாது என்பதெல்லாம் எந்த விளம்பரத்திலும் வராது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவர்கள் கண்டதைக் கேளுங்கள், தீர்ப்பைக் கேட்காதீர்கள். "அந்த வகுப்பு நல்லதா?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும், ஒரு வருடப் பணத்தைக் கட்டிவிட்டவர் வேறென்ன சொல்வார்? ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், தப்பாகச் செய்தால் என்ன சொல்கிறார், முறை வரும்வரை பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், வீட்டுக்கு வரும் வழியில் உங்கள் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். "நிறுத்தலாமா, வேண்டாமா" என்பதை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவர்கள் பிள்ளை.

ஜிம்னாஸ்டிக்ஸுக்கே வருகிறேன். ஒரு நாள் வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். போனைப் பையில் போட்டுவிட்டு உங்கள் மகளை மட்டும் பாருங்கள். பதினைந்து பிள்ளைகள், ஒரே மெத்தை, ஒரே வரிசை என்றால் முக்கால் மணி நேர வகுப்பில் அவள் உடம்பு அசைவது சில நிமிடங்கள்தான். மீதி நேரம் வரிசையின் கடைசியில் நின்று சட்டை நுனியை முறுக்கிக்கொண்டிருப்பாள், முறை வந்ததும் மற்ற பதினான்கு பேரும் அவளையே பார்ப்பார்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கு இது பெரிய கொடுமை. அவளுக்குப் பிடிக்காதது ஜிம்னாஸ்டிக்ஸா, அந்த வரிசையா என்பது பார்த்தால்தான் தெரியும். வரிசைதான் என்றால் பிள்ளைகள் குறைவாக உள்ள வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள், அதை வாசலில் தாராளமாகக் கேட்கலாம்.

அழுகையிலும் வித்தியாசம் உண்டு. உள்ளே போகும்போது அழுதுவிட்டு, பத்து நிமிடத்தில் சரியாகி, திரும்பும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தால் இன்னும் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம். முந்தின நாள் இரவே வயிறு வலிக்கிறது என்கிறாள், வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். கட்டிய பணம் போகிறதே என்று தோன்றும். அந்தக் கணக்கை ஆறு வயதுப் பிள்ளை தலையில் ஏற்றக் கூடாது.

எத்தனை வகுப்பு என்பதற்கு என் பதில், இந்த வயதில் இரண்டுக்கு மேல் வேண்டவே வேண்டாம். ஒன்று அவளே ஆசைப்பட்டுக் கேட்டதாக இருக்கட்டும். இன்னொன்றை நீங்கள் முடிவு செய்வதென்றால் நீச்சலைச் சொல்வேன். ஆறு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் தண்ணீரில் பாதுகாப்பாக இருப்பதும் கற்றுத்தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, கீபோர்டைப் பத்து வயதிலும் ஆரம்பிக்கலாம். (நீச்சல் தெரிந்துவிட்டது என்று தண்ணீருக்கு அருகில் தனியே விடுவது மட்டும் கூடாது.) 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்பதும் அதே நிறுவனத்தின் 2020 பரிந்துரைதான். அதற்கு வகுப்பு எதற்கு? ஓடிப் பிடித்தால் போதும், சைக்கிள் போதும். அப்புறம் தூக்கம். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். காலை ஆறரைக்கு எழுப்புகிறீர்கள் என்றால் ஒன்பதரைக்கு அவள் தூங்கியே ஆக வேண்டும், அதற்கும் முன்னால் தூங்கினால் இன்னும் நல்லது. மாலை வகுப்பு முடிந்து வீடு வந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கப் பத்து மணி ஆகிறதென்றால் அந்த வகுப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அவளுக்கு ஆகாது. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்றே சொல்கிறது. ஒன்றும் செய்யாமல் தரையில் படுத்துக் காலாட்டிக்கொண்டிருக்கும் நேரமும் அதில் சேர்த்திதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதையும் அழைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒன்று எல்லோரையும் அழையுங்கள், இல்லையென்றால் ஐந்தாறு பேர். முப்பது பேரில் இருபத்தைந்து பேரை அழைத்து ஐந்து பேரை விடுவதுதான் தப்பு, விடுபட்ட பிள்ளைகளுக்கு அது தெரியாமல் போகாது. சிலரை மட்டும் அழைப்பதென்றால் அழைப்பை வகுப்பறையில் கொடுக்காமல் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்குச் சின்னக் கூட்டம்தான் சரி. இரண்டு மணி நேரம் போதும், முடியும் நேரத்தையும் அழைப்பிலேயே போட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வரும் அந்த முதல் கால் மணி நேரம்தான் சிக்கல், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். ஒரு மேசையில் வெள்ளைத்தாளும் கிரேயானும் போட்டு வையுங்கள், வந்தவர்கள் தானாக உட்கார்ந்துவிடுவார்கள். தோற்றவர் வெளியே போகும் விளையாட்டு வேண்டாம். மியூசிக்கல் சேரில் முதலில் அவுட் ஆகும் பிள்ளை கடைசிவரை சுவரோரம்தான் நிற்கும். அழைக்கும்போதே யாருக்காவது சாப்பாட்டில் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுங்கள். பலூனைப் பெரியவர்களே ஊதட்டும், உடைந்த துண்டை உடனே பொறுக்குங்கள். 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூச்சடைக்கும் ஆபத்து என்று பலூன் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. திரும்பிப் போகும்போது கொடுக்கும் சின்னப் பரிசில் பட்டன் பேட்டரி போட்ட பொம்மை கூடவே கூடாது. யார் வீட்டிலாவது ஒரு தம்பியோ தங்கையோ அதை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் மோசமாகப் புண்ணாக்கிவிடும்.

மற்றவர்கள் வீட்டு விழாவுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ப் பாருங்கள். பாட்டுச் சத்தம் தொடங்கும் முன், இரண்டு மூன்று பேர் மட்டும் இருக்கும்போது இடம் அவளுக்குப் பழகிவிடும். "போ, போய் விளையாடு" என்று முதுகைத் தள்ளாதீர்கள். உங்கள் மடியோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். சிறு குழந்தைகள் விளையாடுவதைக் கவனித்து 1932இல் ஆய்வு வெளியிட்ட அமெரிக்கர் மில்ட்ரெட் பார்ட்டன், கூட நின்று வேடிக்கை பார்ப்பதையும் தன் பட்டியலில் ஒரு தனி வகையாகவே சேர்த்திருக்கிறார். பார்த்து முடித்ததும் அவளே போவாள். அன்றைக்குப் போகவில்லை என்றாலும் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்த இடம் ஒன்று உண்டு. அவள் அழுவதை வாசலில் எல்லோரிடமும் சொன்னேன் என்கிறீர்கள். பள்ளி விடும் நேரம் என்றால் அவளும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றிருப்பாள், இல்லையா? அடுத்த நாள் யாரோ ஓர் ஆன்ட்டி குனிந்து "இன்னும் அழறியா?" என்று கேட்கும்போது அவளுக்கு எப்படி இருக்கும்! "இவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்பதையும் அவள் காதில் விழும்படி சொல்லாதீர்கள். அவளைப் பற்றி யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டும் என்றால், அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம், அவள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பேசுங்கள்.

கணவருக்கு வேலை அதிகம் என்பது புரிகிறது. இரண்டு வகுப்பில் ஒன்றுக்கு அவர்தான் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தால் அவருக்கும் மகளைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும், முடிவும் உங்கள் ஒருவர் தலையில் விழாது.

பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. யார் யார் வர வேண்டும் என்று இன்றைக்கே அவளிடம் கேளுங்கள். மூன்று பெயர்தான் சொல்கிறாள் என்றால் மூன்று பேரையே அழையுங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் உட்கார்ந்து என்ன பார்த்தீர்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா